முறுக்கு டப்பாவில் ஒரு பேயிங் கெஸ்ட்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் டிபன். மூன்றாவது இட்லியில் கை வைக்கும்போது அக்கா பையன் காதோரமாக வந்து, "மாமா, ஒரு சீக்ரெட்... அம்மாகிட்ட சொல்லக் கூடாது" என்றான்.

ஒன்பதாம் கிளாஸ் படிக்கிறவன். லவ் லெட்டராக்கும் என்று நினைத்து மொட்டை மாடிக்குப் போனேன். லெட்டராகவே இருந்திருக்கலாம்! தண்ணீர் டேங்க் மறைவில் அக்காவின் பிளாஸ்டிக் முறுக்கு டப்பா. மூடியெல்லாம் ஓட்டை. உள்ளே ஒரு பாம்பு.

நான் இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டேன். (சரி, நாலு படி.)

"பயப்படாதீங்க மாமா, தண்ணிப் பாம்புதான். விஷம் கிடையாது. ஏரிக்கரையில பிடிச்சேன்."

விஷம் கிடையாது என்பது வாஸ்தவம். உடம்பெல்லாம் செஸ் போர்டு மாதிரி கட்டம். ஆனால் மிரண்டால் கழுத்தைத் தட்டையாக்கி நல்ல பாம்பு மாதிரி போஸ் கொடுக்கும். கடிக்கவும் தயங்காது. எது ஒரிஜினல், எது டூப் என்று நீங்களும் நானும் கிட்டே போய் செக் பண்ணுவது உசிதமில்லை சார்.

"சாப்பாடு என்னடா போடறே?"

"பால் வெச்சேன். பிரெட் வெச்சேன். எதையும் தொடலை. ஆறு நாளாச்சு மாமா... செத்துடுமா?"

குரல் கம்மிவிட்டது. எனக்கும் என்னவோ போலாகிவிட்டது.

பால் பாம்பின் உணவே இல்லை. தாகத்தில் தவித்தால் எதையாவது குடித்து வைக்கும், அவ்வளவுதான். தண்ணிப் பாம்பின் மெனு தவளையும் மீனும். குட்டியாக இருந்தால் தலைப்பிரட்டை. 'கடையில் தங்கமீன் வாங்கிப் போடலாமே' என்பீர்கள். அதிலும் வில்லங்கம். தங்கமீன், கெண்டை வகையறாக்களில் பி-1 வைட்டமினை அழிக்கிற ஒரு சமாச்சாரம் இருக்கிறது. ஃப்ரீசரில் வைத்தாலும் அது போகாது. நாள் தவறாமல் அதையே போட்டால் பாம்புக்கு வலிப்பு வந்துவிடும். பேச்சிலர் மெஸ்ஸில் சாப்பிடுகிற நமக்கு இது புரியும்.

வனத்துறையில் கிளார்க்காக இருக்கும் காலேஜ் நண்பனுக்கு போன் போட்டேன்.

"டேய், 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல உயிரோட பிடிக்கிறதும் வேட்டைதான். தண்ணிப் பாம்பு லிஸ்ட்ல இருக்கு. ஜெயில் வரைக்கும் போகும். பிடிச்சா அது கவர்ன்மென்ட் சொத்து!"

பி.காம். படித்தவனுக்கு வயிற்றைக் கலக்காதா? அக்கா வீட்டு மாடியில், கணக்கில் வராத அரசாங்க ஸ்டாக்!

பையன் விடவில்லை. "வெள்ளைக்காரங்க மட்டும் வளர்க்கறாங்களே மாமா?"

இங்கிலாந்தில் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஒன்று உண்டு. புல் பாம்பு. அதைக் கொல்வது, காயப்படுத்துவது, லைசென்ஸ் இல்லாமல் விற்பது மூன்றும் 1981 சட்டப்படி அங்கே குற்றம். வளர்ப்பதில் நம் ஊர் அளவு கெடுபிடி இல்லை. அவர்கள் சட்டம் அவர்களுக்கு.

"நம்ம ஊர்ல யாருமே பிடிக்கக் கூடாதா?"

"இருளர்கள் பிடிக்கலாம்டா. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில 1978-லேர்ந்து அவங்களுக்கு ஒரு கூட்டுறவு சங்கம் இருக்கு. அரசாங்க அனுமதியோட நாலு வகை விஷப் பாம்பைப் பிடிச்சு, பானையில வெச்சு, மருந்துக்கு விஷம் எடுப்பாங்க. கொஞ்ச வாரத்துல காட்டுல கொண்டுபோய் விட்டுடுவாங்க. பரம்பரையா பிடிக்கறவங்களே திருப்பிக் கொடுத்துடறாங்க."

பதில் இல்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயந்திரம் நண்பன் அனுப்பிய வாச்சர் வந்தார். "இனிமே பிடிக்காதே தம்பி" என்று மட்டும் சொன்னார். பையன் பிடித்த அதே ஏரிக்கரைக்கே போனோம். டப்பாவைச் சாய்த்ததும் சரசரவென்று கோரைக்குள் போய்விட்டது. ஒரு தாங்க்ஸ்கூட இல்லை. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"சாப்பிடும் இல்ல மாமா?"

"வெட்டும்டா."

இந்த ஞாயிறும் அக்கா வீட்டுக்குப் போனேன். காபியோடு முறுக்கு வந்தது. பையன், "எனக்கு வேணாம்மா, மாமாவுக்கே குடு" என்று நழுவிவிட்டான்.

ஒரு வாய் கடித்துப் பார்த்த அக்கா முகம் சுளித்தாள். "நேத்து சுட்ட முறுக்கு, அதுக்குள்ள நமுத்துப் போச்சே... டேய், இந்த மூடியில ஏதுடா இத்தனை ஓட்டை?"