திரைப்பார்வை: கிரிகரியின் தோழி



பள்ளிப் பருவத்துக் காதலைக் கூறும் திரைப்படம் என்றாலே பெற்றோர் முகம் சுளிப்பர். அதற்குக் காரணமும் உண்டு. எனினும், அப்பருவத்தின் தடுமாற்றத்தை மிகைப்படுத்தாமலும் இழிவுபடுத்தாமலும் காட்டிய நகைச்சுவைப் படம் ஒன்று உண்டு. பில் ஃபோர்சைத் எழுதி இயக்கி, 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிரிகரிஸ் கேர்ள்’ என்னும் ஸ்காட்லாந்துப் படமே அது.

கிளாஸ்கோவுக்கு அருகே புதிதாகத் திட்டமிட்டு எழுப்பப்பட்ட கம்பர்நால்டு நகரமே கதைக்களம். நெடுநெடுவென வளர்ந்து, தன் கைகால்களை என்ன செய்வதென்று அறியாத மாணவன் கிரிகரி. தோற்றுக்கொண்டேயிருக்கும் பள்ளிக் கால்பந்துக் குழுவுக்குப் புதிய ஆட்டக்காரரைத் தேடுகிறார் பயிற்சியாளர். தேர்வுக்கு வந்தோரில் மிகச் சிறந்து விளங்குபவள் டோரத்தி என்னும் மாணவி! பயிற்சியாளர் தயங்கினாலும் அவளது திறமை வெல்கிறது. முன்னணியில் ஆடிய கிரிகரி, தன் இடத்தை அவளுக்கு விட்டுக் கோல் காக்கச் செல்கிறான். இடம் பறித்தவளிடமே மனத்தையும் பறிகொடுக்கிறான்.

பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. பள்ளித் தாழ்வாரங்களில் பென்குவின் வேடமிட்ட ஒருவன் வழி தெரியாது அலைகிறான். ஏன் என்று எவரும் கேட்பதில்லை. தலைமையாசிரியர் தனியே பியானோ வாசித்து மகிழ்கிறார். இத்தகைய சிறு சிறு காட்சிகளால் நம் இதழோரம் புன்னகை அரும்புகிறது.

டோரத்தி குறித்த இடத்துக்கு வரவில்லை. அவளுடைய தோழியர் கிரிகரியை ஒருவர் மாற்றி ஒருவராக அழைத்துச் சென்று, அவனை உண்மையாகவே விரும்பும் சூசனிடம் சேர்க்கின்றனர். கிரிகரி சினம் கொள்வதில்லை, பழி தூற்றுவதுமில்லை. பூங்காவில் இருவரும் புல்வெளியில் படுத்தபடி, கைகளை மட்டும் அசைத்து நடனமாடுகின்றனர். மறுப்பைப் பகையாக்காத இந்தப் பண்பு இன்றைய இளைஞர்க்கு எத்துணை தேவை!

என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. வாகனம் ஓட்டப் பயிற்றுவிக்கும் தந்தை, தம் மகனை நடுவீதியில் தற்செயலாகச் சந்திக்கிறார். ஒருநாள் சேர்ந்து காலையுணவு உண்ணலாம் என்று அங்கேயே பேசிக்கொள்கின்றனர். ஒரே வீட்டில் வாழ்வோரின் நிலை இது! கிரிகரி தன் மனத்தைத் திறப்பது பத்து வயதுத் தங்கை மேடலினிடமே. அவள் நகைப்பதில்லை, உடை முதல் நடத்தை வரை பெரியவளைப்போல் அறிவுரை கூறுகிறாள். சிரிப்பூட்டும் அக்காட்சி பெற்றோராகிய நம்மைச் சற்றே குத்தவும் செய்கிறது.

ஓர் எச்சரிக்கை. மாணவர் சிலர் ஒளிந்து எட்டிப்பார்க்கும் தொடக்கக் காட்சியும் ஆங்காங்கே வரும் பேச்சும் சிறுவர்க்கு ஏற்றவையல்ல. பெற்றோர் முதலில் தாமே பார்த்துவிட்டு, வளர்ந்த பிள்ளைகளுடன் அமர்ந்து காண்பது நலம்.

படம் முடிந்தபின் உடனே எழுந்துவிடாதீர்கள். பிள்ளைகள் ஏதேனும் பேச விரும்பக்கூடும். அவர்கள் வீதியில் நம்மைச் சந்திக்கும்வரை காத்திருக்க வேண்டாமே!