கடல் தாண்டாத நாணயம்



கடலூர் முதுநகரைச் சேர்ந்த ஒரு தாய் சில வாரங்களுக்கு முன் என்னிடம் வந்து ஒரு வழக்கை வைத்தார். அவருடைய மகன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன். சென்னையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபின், நிறுவனத்தாரால் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவன். "சாமி, நாங்கள் எவரிடமும் கைநீட்டிக் கடன் வாங்கியதில்லை. அவன் படிப்புக்குக்கூட என் நகையை விற்றோமே தவிர, அடகு வைக்கவில்லை. இப்போது அங்கே வங்கியில் கிரெடிட் கார்டு கேட்டால், 'நீ இதுவரை கடனே வாங்கியதில்லை. ஆகையால் உனக்குக் கடன் தர இயலாது' என்கிறார்களாம். கடன் வாங்காமல் வாழ்ந்தது ஒரு குற்றமா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. இக்கேள்வி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. கடலூரிலும் சிதம்பரத்திலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியுள்ள குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆகவே இம்மாதம் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடன் என்றால் நம் மக்களுக்கு அச்சம். அந்த அச்சத்தில் அறிவு உண்டு. நம் கடற்கரைக் குப்பங்களில் படகுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்த மீனையெல்லாம் அவர் வழியாகவே விற்றுத் தரகும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் மீளாமல் இருப்பதைக் கண்டவர்கள் நாம். ஆயினும் அதே ஊரில் வேறொரு வகைக் கடனும் உண்டு. மளிகைக் கடையில் பற்று எழுதி வைத்துச் சம்பள நாளன்று தீர்ப்பது. கடைக்காரர் வட்டி கேட்பதில்லை, பத்திரம் கேட்பதில்லை. "இன்னார் வீட்டுப் பிள்ளை, நாணயமானவன்" என்பது ஒன்றே அவருக்குப் போதும். காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லை வழங்கும் மொழி நம்முடையது. லத்தீன் மொழியிலும் இதற்கு ஒப்பான உறவு ஒன்று உண்டு. விசுவாசப் பிரமாணத்தின் முதற்சொல்லாகிய 'கிரேதோ' என்பதற்கு 'நம்புகிறேன்' என்று பொருள். கிரெடிட் என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான்.

அமெரிக்காவில் நடப்பதும் தொடக்கத்தில் இந்த மளிகைக் கடைக் கணக்குத்தான். அங்கே இன்று கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் மூன்று பெரிய நிறுவனங்கள் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்பன. அவற்றுள் முதலாவதன் கதையைக் கேளுங்கள். டென்னசி மாநிலத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், எந்த வாடிக்கையாளர் பற்றை ஒழுங்காகத் தீர்ப்பவர், எவர் இழுத்தடிப்பவர் என்று ஒரு பட்டியல் எழுதிச் சக வணிகர்களுக்குக் கொடுத்தார். அதில் வருவாய் இருப்பதைக் கண்டு, 1899-இல் தம் சகோதரரோடு அட்லாண்டா நகரில் ஒரு நிறுவனமே தொடங்கினார். அதுவே 1975-இல் ஈக்விஃபாக்ஸ் எனப் பெயர் மாறியது. இப்பதிவுகளைக் கணக்கிட்டு 300 முதல் 850 வரை மதிப்பெண் போடும் ஃபைக்கோ முறை 1989-இல் வந்தது. கடைக்காரருக்கு முகம் தெரியும். இயந்திரத்துக்கு எண் மட்டுமே தெரியும். ஏட்டில் பெயர் இல்லாதவனைக் கெட்டவன் என்று அது சொல்லவில்லை. "இவனை எனக்குத் தெரியாது" என்றுதான் சொல்லுகிறது. அந்தத் தாயின் மகனுக்கு நேர்ந்ததும் இதுவே.

வேடிக்கை என்னவெனில், ஒரு காலத்தில் அந்நாட்டில் அட்டை கேளாமலே வீடு தேடி வந்தது. 1958 செப்டம்பரில் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு, எவரும் விண்ணப்பிக்காமலே, தபாலில் அட்டைகளை அனுப்பி வைத்தது. பின்னர் விசா என்று பெயர் பெற்றது இந்த அட்டைதான். விளைந்த குழப்பங்களைக் கண்டு, கேளாதவருக்கு அட்டை அனுப்பலாகாது என 1970-இல் சட்டம் இயற்றினர்.

கடல் கடந்து சென்ற தமிழனின் நாணயம் எக்காலத்திலும் இப்படிக் கரையிலேயே நின்றுவிட்டதா? இல்லை. சிதம்பரத்தில் 1929-இல் பல்கலைக்கழகம் எழக் காரணமான ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் சமூகத்தையே எண்ணிப் பாருங்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கடைகள் வைத்திருந்தனர். மூன்றாண்டுத் தவணைக்கு ஏஜெண்டாகக் கப்பலேறிய இளைஞன் இரங்கூனில் இறங்கும்போது அந்நியனாக இறங்கவில்லை. அவன் எந்தக் கோயிலைச் சேர்ந்தவன், எந்த மார்க்கத்தின் ஆள் என்பது அங்குள்ளவர்க்குத் தெரியும். அவர்கள் எழுதிய உண்டியல், கடலுக்கு அக்கரையிலும் பணமாக மாறிற்று. மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டி நிர்ணயித்த அந்தச் சமூகமே அவனுக்குக் கடன் வரலாறு. இன்று அதே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பிள்ளை, விமானத்தைவிட்டு இறங்கும்போது முன்வரலாறு இல்லாதவனாகிறான். பெயரை மட்டும் நம்பும் முறை குறையற்றது என்று நான் சொல்லமாட்டேன். சென்னையில் ஆர்புத்நாட் கம்பெனி என்னும் பெரும் பெயரை நம்பிப் பணம் போட்டவர்கள் 1906-இல் தெருவுக்கு வந்தார்கள். அந்த வீழ்ச்சியின் பின்னரே 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது; அண்ணாமலைச் செட்டியாரின் தமையனார் இராமசாமிச் செட்டியார் அதை நிறுவியவர்களுள் ஒருவர்.

நம் நாட்டிலும் இத்தகைய ஏடு உண்டு. 2000-இல் தொடங்கிய சிபில் நிறுவனம் 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகிறது. ஆனால் சிதம்பரத்து வங்கியில் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவனின் நற்பெயர் அந்த ஏட்டிலேயே தங்கிவிடும். அமெரிக்க ஏட்டுக்குத் தானாகப் போய்ச் சேராது. அண்மைக் காலத்தில் சிறு கதவு ஒன்று திறந்திருக்கிறது. நோவா கிரெடிட் என்னும் நிறுவனத்தின் வழியாக, விண்ணப்பதாரரின் இசைவோடு, இந்தியக் கடன் வரலாற்றைப் பார்த்து அட்டை வழங்கும் ஏற்பாட்டை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2019-இல் தொடங்கியது. ஆனால் இந்தியாவிலேயே வரலாறு இல்லாதவனுக்கு இக்கதவு பயன்படாது.

அட்டை ஓர் ஆடம்பரம்தானே, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அங்கே வாடகைக்கு வீடு கேட்டால் வீட்டுக்காரர் முதலில் கடன் அறிக்கையைப் பார்க்கிறார். இல்லையென்றால் கூடுதல் முன்பணம் கேட்கலாம். மின்சாரத்துக்கும் தொலைபேசிக்கும் அப்படியே. கார் வாங்கினால் வட்டி ஏறுகிறது. கையில் காசு குறைவாக இருக்கும் முதலாண்டிலேயே புதியவனுக்கு எல்லாம் விலை கூடுதலாக இருக்கிறது. இம்முறை எனக்கு உவப்பானதன்று. ஆயினும் போன இடத்தின் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் காலம் கழிக்க முடியாது.

வழி என்ன? பெரும்பாலோர்க்கு ஏற்றது வைப்புத்தொகை அட்டை. வங்கியில் 200 அல்லது 300 டாலரை ஈடாகக் கட்டினால், அதே அளவுக்கு ஓர் அட்டை தருவார்கள். தம் பணத்தையே ஈடாக வைத்துக் கடன் வாங்குவது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அம்மூன்று நிறுவனங்களுக்கும் மாதந்தோறும் செய்தி அனுப்பும் அட்டையாக இருந்தால், ஏட்டில் பெயர் ஏறத் தொடங்கும். அந்த ஒன்றை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ஃபைக்கோ மதிப்பெண் தோன்றக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். பின்னர் ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு வைப்புத்தொகையைத் திருப்பித் தந்து சாதாரண அட்டையாக மாற்றுவதும் உண்டு. வேலையில் இருப்பவர் முதலில் சமூகப் பாதுகாப்பு எண் பெறவேண்டும். வேலை இல்லாத மாணவருக்கு அவ்வெண் பொதுவாகக் கிடைக்காது, ஆனால் கடவுச்சீட்டைக் கொண்டே அட்டை தரும் நிறுவனங்களும் சில உள.

அட்டை கையில் வந்தபின்தான் கவனம் தேவை. மதிப்பெண்ணில் 35 விழுக்காடு, பணத்தைத் தவணைக்குள் கட்டினாரா என்பதற்கு. 30 விழுக்காடு, எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு. 300 டாலர் வரம்பில் 270 டாலருக்குப் பொருள் வாங்கி, அதை முழுதும் கட்டுகிறவனுக்கும்கூட மதிப்பெண் குறைவதுண்டு. ஏனெனில் கணக்குச் சீட்டு போடும் நாளில் நிற்கும் தொகையே வழக்கமாக ஏட்டுக்குப் போகிறது. வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்வது நலம். அரிசி, எண்ணெய் போன்ற வழக்கமான செலவை அதில் எழுதி, வந்த சீட்டின் முழுத் தொகையையும் கெடு நாளுக்கு முன் கட்டிவிட்டால் வட்டி ஒரு காசும் இல்லை. "சிறிது பாக்கி வைத்தால்தான் மதிப்பெண் ஏறும்" என்று நண்பர்கள் சொல்லுவார்கள், அது பொய். சீட்டில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று அச்சிட்டிருக்கும். அதைக் கண்டு மயங்க வேண்டாம். ஆண்டுக்கு 22 விழுக்காடு வட்டியில் 1,000 டாலர் பாக்கி நின்றால், முதல் மாத வட்டியே ஏறத்தாழ 18 டாலர். 25 டாலர் கட்டுகிறவனுக்கு அசலில் குறைவது 7 டாலர்தான்! நம் மீன் வியாபாரியின் முன்பணம் நினைவுக்கு வரவில்லையா? அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுப்பது இன்னும் மோசம். அதற்கு அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

முப்பது நாள் கடந்து கட்டப்படாத ஒரு தவணை, ஏட்டில் ஏழாண்டுகள் வரை நிற்கும். இங்கேதான் ஊரிலுள்ள பெற்றோரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தங்கையின் திருமணம், வீட்டுக்கு மாடி, மாமன் வீட்டுச் சீர் என்று நாம் கேட்கும்போதெல்லாம் மகன் மறுக்காமல் அனுப்புகிறான். அனுப்பிவிட்டு அங்கே சீட்டைக் கட்டாமல் விடுகிறான். வெட்கத்தால் நம்மிடம் சொல்வதில்லை. தொலைபேசியில் பணம் கேட்பதற்கு முன், "இந்த மாதத்து அட்டைப் பாக்கியைக் கட்டிவிட்டாயா?" என்று கேளுங்கள்.

மருமகள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணவனோடு சென்று, வேலை செய்ய அனுமதியின்றி வீட்டில் இருக்கும் நம் பெண்கள் பலர். வீடு, கார், அட்டை அனைத்தும் கணவன் பெயரில் இருக்கும். அவன் நோயுற்றாலோ, இறந்தாலோ, பிரிந்தாலோ, பத்தாண்டு அந்நாட்டில் வாழ்ந்த பெண் நேற்று வந்தவளைப் போல் நிற்பாள். 1974-இல் சமவாய்ப்புக் கடன் சட்டம் வரும்வரை, அமெரிக்கப் பெண்களிடமே கணவன் கையொப்பம் கேட்கப்பட்டது. இன்று 21 வயது நிறைந்தவர், தாம் பயன்படுத்த உரிமையுள்ள கணவனின் வருமானத்தைக் காட்டியும் தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். 2013-இல் விதி திருத்தப்பட்டது. ஆகையால் பெண் கொடுக்கும் வீட்டார், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு இதையும் கேட்டு வைப்பது தகும்.

எல்லா நாடுகளும் ஒன்றல்ல. புதுவை, கடலூர்ப் பகுதிகளிலிருந்து பிரான்சில் குடியேறியோர் பலர். அங்கே இந்த மதிப்பெண் முறை இல்லை. கட்டத் தவறியவர்களின் பெயரை மட்டும் பிரான்சு மத்திய வங்கி ஒரு பட்டியலில் வைக்கிறது. அங்கே மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் அட்டை, பெரும்பாலும் கணக்கிலிருந்து பணத்தை நேரே எடுப்பதுதான். வளைகுடாவிலோ இடர் மறுபக்கத்தில் இருக்கிறது. சம்பளச் சான்று கொடுத்தால் அட்டை எளிதாகக் கிடைத்துவிடும். வேலை போனால் பாக்கி மலைபோல் நிற்கும். கட்டாதவர் நாட்டைவிட்டு வெளியேற நீதிமன்றம் தடை விதிப்பதும் உண்டு. துபாய்க்குப் புறப்படும் பிள்ளையிடம், முதலாண்டில் அட்டையே வேண்டாம் என்று சொல்லி அனுப்பலாம்.

கல்விக் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பியவர்கள் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. அக்கடனில் தந்தையோ தாயோ இணைக் கடனாளியாகக் கையொப்பமிட்டிருப்பீர்கள். அங்கே மகன் தவணையை மறந்தால், இங்கே சிபில் ஏட்டில் உங்கள் பெயரும் கெடும். இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள விதி. மஞ்சக்குப்பத்தில் ஒரு கணினி மையத்துக்குச் சென்று எவரிடமோ பணம் கொடுக்கத் தேவையில்லை. வீட்டில் கைபேசி பழகிய பேத்தி இருந்தால், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.