பிணை நிற்பார் அறிக!

‘சாமீன்’ என்பது அரபு வழி வந்த சொல். ‘பாண்டு’, ‘சூரிட்டி’ என்பன ஆங்கிலம். இவ் வயற்சொற்களுக்கிடையே அகப்பட்டு, திண்டுக்கல் தோல்தொழிலாளியும் பூட்டுத்தொழிலாளியும், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை உழவரும் தம் உரிமை இன்னதென்றறியாது வழக்குமன்ற வாயிலில் மருண்டு நிற்கின்றனர். நம் ‘பிணை’ என்னுஞ் சொல்லோ தன் பொருளைத் தானே விளக்குவது. ஒருவர்க்காக மற்றொருவர் தம்மைப் பிணைத்துக்கொள்வதே பிணை.

பிணைத்தொகை விடுதலைக்குரிய விலையன்று. குறித்த நாளில் தோன்றுவேன் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர் எழுதித் தருவது பிணைமுறி. அவர் தோன்றாவிடின் குறித்த தொகைக்கு நான் பொறுப்பு என உடன் எழுதித் தருபவர் பிணையாளர். அவர் தவறாது தோன்றின் பிணையாளர் அத்தொகையில் ஒரு காசும் செலுத்த வேண்டுவதில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உள்ளதுபோல் கட்டணம் பெற்றுப் பிணை நிற்கும் வணிகம் நம் சட்டத்தில் இல்லை. எனவே, ‘ஆள் பிடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் தரகனை நம்பற்க!

உறவினர், நண்பர், அண்டை வீட்டார் எவரும் பிணை நிற்கலாம். அவர்தம் தகுதியை மன்றம் ஆய்ந்து ஏற்கும். நிலமுடையார்தாம் நிற்றல் வேண்டுமெனச் சட்டம் கூறவில்லை. முன்னரே எத்தனை பேர்க்குப் பிணை நின்றுள்ளார் என்பதை அவர் உரைத்தாக வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் தலைமறைவானால் தண்டத்தொகை பிணையாளர்மேல் விழும். அதனைப் பெற இயலாவிடின் 6 திங்கள் வரை உரிமையியற் சிறையும் உண்டு. விலக விரும்புவோர் மன்றத்தில் விண்ணப்பித்து விலகலாம். இவ்வளவும் அறியாமல் கைந்நாட்டு வைப்போர் எத்துணையர்!

1978-இல் உச்சநீதிமன்றம் முடித்த மோத்திராம் வழக்கை எண்ணுக. மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 உருபாவிற்குப் பிணை கேட்டார் நடுவர். உடன்பிறந்தான் முன்வந்தும், அவன் உடைமை வேறு மாவட்டத்தில் உள்ளதெனத் தள்ளினார். நடுவர் கிருட்டிணய்யர் இதனைக் கடிந்து, 1,000 உருபாவிற்குச் சொந்தப் பிணைமுறியிலேயே அவரை விடுவித்தார். தொலைவிடத்தில் தளைப்பட்ட தமிழனுக்கு அவ்வூரில் உடைமையுள்ள பிணையாளர் எங்ஙனம் கிட்டுவர் என்னும் வினாவும் அத்தீர்ப்பில் எழுப்பப்பட்டது. பிழைப்புத் தேடி வடக்கே செல்லும் நம் இளைஞர்க்கு இஃது உயிர்நிலை வினாவன்றோ?

பிணையில் விடத்தக்க குற்றத்தில், தளைப்பட்ட ஒரு கிழமைக்குள் பிணையாளரைத் தர இயலாதாரை ஏழையெனக் கொண்டு சொந்த முறியில் விடுவிக்கவேண்டுமென்பது சட்டம். பிணை கிடைத்தும் 7 நாளுக்குள் வெளிவராதார் பெயரைச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிற்குத் தெரிவிக்க வேண்டுமென்றும், உள்ளூர்ப் பிணையாளரையே வற்புறுத்த வேண்டாவென்றும் 31-1-2023-இல் உச்சநீதிமன்றம் நெறிவகுத்தது.

நெறி உண்டு, அறிந்தார் இல்லை. 1-7-2024 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்கு நடுவணரசு வடமொழிப் பெயரே சூட்டியுள்ளது. பெயரே விளங்காத சட்டத்தில் ஏழை தன் உரிமையை எங்ஙனம் தேடுவான்? பிணைமுறி ஒவ்வொன்றும் நல்ல தமிழில் அச்சிடப்படல் வேண்டும். கையொப்பத்திற்கு முன் பிணையாளர்க்கு உரக்கப் படித்துக் காட்டப்படல் வேண்டும். ஏழைக்குரிய விதி காவல்நிலையந்தோறும் எழுதித் தொங்கவிடப்படல் வேண்டும்.

தமிழ் கேட்பது புலவர்தம் பொழுதுபோக்கன்று. சிறைக்கதவின் திறவுகோல் அது. கேட்போம்; பெறுவோம்!