டீ கிளாசையும் எண்ணுங்கள்!

"ஜாதியா? அதெல்லாம் அந்தக் காலம் சார்!" என்கிறார் ஒருவர். "போங்க சார், முன்னைவிட இப்போதான் மோசம்!" என்கிறார் இன்னொருவர். தூத்துக்குடியில் இரண்டு பேச்சும் காதில் விழுகிறது.

இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். டவுன் பஸ்சில் யாரும் ஜாதி கேட்டு சீட் கொடுப்பதில்லை. ஆனால் வாடகைக்கு வீடு தேடிப் போனால், "சொந்த ஊர் எது? எந்தத் தெரு?" என்ற கேள்வி வருகிறதே!

எது நிஜம்? வாய்ப்பேச்சில் தெரியாது. கணக்கு வேண்டும். அதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் மூன்று வழி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, வீடு வீடாகப் போவது. அமெரிக்காவில் கறுப்பர் இனத்து அறிஞர் டூ போய்ஸ், பிலடெல்பியா நகரில் கறுப்பர் வீடுகளுக்கு நேரில் போய் விசாரித்து 1899-ல் புத்தகம் போட்டார். அவர்களுக்கு நல்ல வேலை மறுக்கப்படுவதை அதில் எழுதிக் காட்டினார்.

இரண்டு, போன ஊருக்கே மறுபடி போவது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களைக் கணக்கெடுத்தார். மணியாச்சி தாண்டி வருகிற கங்கைகொண்டானும் அதில் ஒன்று. அந்தக் கிராமங்களை 1930-களில் மறுபடி ஆராய்ந்தார்கள். மாறியது எது, மாறாதது எது என்று அப்போதுதான் தெரியும்.

மூன்று, சோதித்துப் பார்ப்பது. ஒரே படிப்பு, ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. இப்படித் தனியார் கம்பெனிகளுக்கு மனுப் போட்டுப் பார்த்த தோரட், அட்டவெல் ஆய்வு 2007-ல் வெளிவந்தது. தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவு!

தீண்டாமையை 1950-லேயே அரசியல் சட்டம் ஒழித்துவிட்டது. ஆனால் 2011-12-ல் நாடு முழுக்க எடுத்த ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 27 வீடுகளில் தீண்டாமை பார்ப்பதாக அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர் எத்தனை பேரோ?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜாதியும் சேரும் என்று மத்திய அரசு 2025 ஏப்ரல் 30-ந் தேதி அறிவித்தது. நல்லதுதான். தலையை மட்டும் எண்ணினால் போதுமா? டீக்கடை கிளாஸ், வாடகை வீடு, சலூன் நாற்காலி, சுடுகாட்டுப் பாதை இதையும் எண்ண வேண்டாமா?

வ.உ.சி. கல்லூரி, காமராஜ் கல்லூரி மாணவர்களை இதில் இறக்கலாம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதே தெரு, அதே கேள்வி. முடிவைக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒட்ட வேண்டும்.

முத்துக் குளித்த ஊர் இது. கரையில் நின்றுகொண்டு ஆழம் சொல்ல முடியாது. மூழ்கித்தான் பார்க்க வேண்டும்!