குடிநோயும் கோயில் சத்தியமும்



குடிக்கு அடிமையான ஒருவரைத் திருத்த நம் ஊர்களில் என்ன செய்கிறார்கள்? கோயிலுக்கு அழைத்துச் சென்று, கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குகிறார்கள். கையில் கயிறு கட்டுகிறார்கள். பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்து, 'இனித் தொடமாட்டேன்' என்று சொல்லவைப்பதும் உண்டு. மூன்றாம் நாள் சத்தியம் உடைகிறது. உடனே, 'மானம் ரோஷம் இல்லாதவன்' என்று ஊரே தீர்ப்பு வழங்கிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு தவறானது. அந்தச் சத்தியமோ சில வேளைகளில் ஆபத்தானது. இதுவே என் கருத்து. பௌதிகம் கற்பிப்பவன் ஆகையால் காரணத்தைத் தராசிலிருந்து தொடங்குகிறேன்.

நம் மூளையில் நரம்பு செல்களைத் தூண்டும் இரசாயனங்கள் உண்டு. அவற்றை அடக்கும் இரசாயனங்களும் உண்டு. இரண்டு தட்டும் சமமாக இருக்கும்போது நாம் இயல்பாக இருக்கிறோம். மது, அடக்கும் தட்டின் எடையைக் கூட்டுகிறது. அதனால்தான் குடித்தவரின் பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்குமா? எதிர்த் தட்டில் அதுவும் எடைகளை ஏற்றிச் சமன் செய்துகொள்கிறது. இந்நிலையில் மதுவை மட்டும் திடீரென்று எடுத்துவிட்டால் என்ன ஆகும்? தூண்டும் தட்டு தடாலென்று இறங்கும்.

இதன் விளைவுகளுக்கு ஏறக்குறைய ஒரு காலக் கணக்கே இருக்கிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை தொடங்கும். தூக்கம் வராது. முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் வேறு சிலருக்குக் கடுமையான மனக்குழப்பம் ஏற்படும். சுவரில் இல்லாத பூச்சிகள் ஊர்வதாகத் தெரியும், காய்ச்சலும் சேரும். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிச் செல்வது இக்கட்டத்தில்தான்! சிகிச்சையின்றி விட்டால் உயிரே போகலாம். மூன்றாம் நாள் அந்த மனிதர் கடையைத் தேடி ஓடுவது ருசிக்காக மட்டுமன்று, இந்த நடுக்கத்தை நிறுத்தவும்தான்.

மருத்துவர் வேறு வழியில் செல்கிறார். மூளையை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைக்கிறார். எடைகளை ஒவ்வொன்றாக இறக்குவது போன்றது இது. நெடுநாள் குடிப்பவர்களிடம் பி1 வைட்டமின் குறைந்திருக்கும்; அதையும் தருகிறார். பின்னர் மாதக்கணக்கில் ஆலோசனையும், வேட்கையைத் தணிக்கும் மாத்திரைகளும் தொடரும். நடுவில் மறுபடி குடித்துவிட்டால்? இரத்த அழுத்தம் மறுபடி ஏறினால் மறுபடி மருத்துவரிடம் போகிறோம் அல்லவா, அப்படித்தான்.

குடிப்பவர் எல்லோரும் நோயாளிகளா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க மருத்துவர் ஜான் யூயிங் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் நான்கே கேள்விகள் உள்ளன. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது எண்ணியதுண்டா? பிறர் அதைக் குறை கூறி எரிச்சல் வந்ததுண்டா? குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி அடைந்ததுண்டா? காலையில் எழுந்தவுடன் நடுக்கம் தீரக் குடித்ததுண்டா? இரண்டுக்கு 'ஆம்' என்றாலே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நான்காவதற்கு 'ஆம்' என்றால், தாமதமே கூடாது.

'அவருக்குத் தெரியாமலே சோற்றில் கலந்து கொடுங்கள்' என்று விற்கப்படும் பொடிகளை நம்பாதீர்கள். மது அருந்தினால் வாந்தியையும் படபடப்பையும் உண்டாக்கும் டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்மையிலேயே உண்டு. நோயாளியின் சம்மதத்துடன், மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அதைத் தர வேண்டும். அறியாமல் உண்டவர் அதன்மேல் குடித்தால் இருதயமே பாதிக்கப்படலாம்.

எங்கே செல்வது? கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் இதற்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்று அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். தனியார் மறுவாழ்வு மையம் என்றால், அது பதிவு பெற்றதா, மருத்துவர் வருகிறாரா என்று பெரியவர்கள் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உங்களில் சிலருக்கு இது வீட்டுக் கதையாகவே இருக்கலாம். பாட்டிலை ஒளித்துவைப்பதும் கீழே கொட்டுவதும் உங்கள் வேலை அன்று. அப்பா குடிப்பது உங்கள் மதிப்பெண்ணாலும் அன்று. இரவில் அவரிடம் வாதாடாதீர்கள். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் எரிக்கும். மோரோ, தலையில் ஊற்றும் தண்ணீரோ அதை விரைவுபடுத்தாது. அவர் தெளிவாக இருக்கும் வேளையில் அம்மாவோ மாமாவோ, அவர் மதிக்கும் வேறொருவரோ பேசட்டும். வீட்டில் பேச ஆளில்லை என்றால் நம்பிக்கையான ஆசிரியரிடம் சொல்லுங்கள். அடி உதை என்றால் 1098-ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி அம்மாவிடம் கொடுக்கலாம்: எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறார், நாளொன்றுக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. முதலில் அவர் கேட்கப்போவது இவற்றைத்தான்.