ஊசி போடுவது பயிற்சியாளர் வேலையா?

மாலை 6 மணி ஆனால் புதுச்சேரி கடற்கரை சாலையில் வண்டிகள் போகாது. மனிதர்கள் நடக்கலாம். நடப்பதற்கு வாத்தியார் தேவை இல்லை. எடை தூக்குவதற்குத் தேவை. முன்பு வஸ்தாது இருந்தார். கர்லாக் கட்டை சுற்றக் கற்றுக் கொடுத்தார். இப்போது அந்த இடத்தில் "ஜிம்" பயிற்சியாளர் இருக்கிறார்.

அவருடைய வேலை எது வரை?

எடையை எப்படித் தூக்குவது, எத்தனை தடவை தூக்குவது, எப்போது ஓய்வு எடுப்பது என்று சொல்வது அவர் வேலை. முதுகு கோணினால் நல்ல பயிற்சியாளர் உடனே எடையைக் கீழே வைக்கச் சொல்வார்.

மூட்டு ஏன் வலிக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை அல்ல. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் அல்ல. சர்க்கரை நோயாளிக்கு உணவுப் பட்டியல் எழுதுவதும் அல்ல.

மாவு டப்பா

புரத மாவை விற்பவரும் அவர், சாப்பிடச் சொல்பவரும் அவர் என்றால் யாருக்கு லாபம்?

60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும். இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ம் ஆண்டுக் கணக்கு. ஒரு முட்டையிலேயே 6 கிராம் இருக்கிறது. பருப்பு, மீன், பால் எல்லாம் வேறு. உடம்பு ஏற்றுவதற்காகப் புரத மாவு சாப்பிட வேண்டாம் என்று 2024-ல் அதே கழகம் சொன்னது.

கை பருக்கும், பிறகு?

மாவை விடப் பெரிய ஆபத்து, ஸ்டீராய்டு ஊசி. டெஸ்டோஸ்டிரோன், நான்ட்ரோலோன் போன்றவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். போட்டால் கை பருக்கும். விரை சுருங்கும். விந்தணு குறையும். ஆணுக்கு மார்பு வளரலாம். இதயமும் ஈரலும் கெடலாம். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் வாலிபர்கள் இதைக் கவனிப்பது நல்லது!

(ஆஸ்துமாவுக்கு டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு வகை. பயந்து அதை நிறுத்தி விடக் கூடாது.)

சட்டம் என்ன சொல்கிறது?

உணவு நிபுணர்களும் பிசியோதெரபி நிபுணர்களும் 2021-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். ஜிம் பயிற்சியாளர் அதில் இல்லை. சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. ஆனால் படிக்காதவரும் பயிற்சி கொடுக்கலாம். தடுக்கத் தனிச் சட்டம் இல்லை.

1954 வரை புதுவையை ஆண்ட பிரான்சில் கதை வேறு. அங்கே தகுதிப் பட்டயம் இல்லாமல் கூலிக்கு உடற்பயிற்சி கற்பித்தால் ஓர் ஆண்டு வரை சிறை. 15,000 யூரோ வரை அபராதம். புதுவையில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரரின் தெருப் பெயர்கள் தங்கின. இந்தச் சட்டமும் இங்கே இருந்தால் நல்லதுதான்!

சட்டம் வரும் வரை ஒரு தாள் உதவும். கனடாவில் உருவானது. 7 கேள்விகள். இதய நோய் உண்டா? நெஞ்சு வலிக்கிறதா? தலை சுற்றுகிறதா? இப்படிப் போகும். ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தாலும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். பிள்ளையை ஜிம்மில் சேர்க்கும்போது, "இதையெல்லாம் கேட்பீர்களா?" என்று பெற்றோர் விசாரிக்கலாம். பணம் கட்டும் முன்பே!