சீஸன் இல்லாத இரவு

வல்லத்துக்கு வந்துபோகிற இலக்கிய நண்பர்கள் தவறாமல் ஒன்று கேட்கிறார்கள்: 'ஐப்பசியில் ராத்திரி இங்கே என்ன நடக்கும்?' ஒன்றும் நடக்காது என்றால் முகம் தொங்கிப்போகிறது. பார்க்க ஏதுமில்லாத காலத்தில் கலாசாரமும் இல்லை என்பது அவர்கள் முடிவு. இதைத்தான் நான் மறுக்கிறேன்.

'சீஸன்' டிக்கெட் விற்கிறவனின் சொல். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த சங்கீத மாநாட்டின் விளைவாக மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சென்னைக்குச் சங்கீத மாதமாயிற்று. 2017-ல் யுனெஸ்கோ அந்நகரத்தை இசைக்காகத் தன் பட்டியலில் சேர்த்தது. தை பிறந்தால் கூட்டம் கரைந்துவிடுகிறது. மார்கழியிலும், கடைசி பஸ்ஸை நினைத்து துக்கடாவுக்கு முன்பே எழுந்துவிடுகிற ரசனை அது.

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கல்லுக்குக் கிடைத்த மரியாதை, சந்தோஷம். ஆனால் கோட்டையைச் சாயங்காலம் பூட்டிவிடுகிறார்கள். இந்த மண்ணின் கலை அதற்குப் பிறகுதான் அரிதாரம் பூச உட்காருகிறது. மேலச்சேரி திரௌபதியம்மனை ஆதியாகக் கொண்ட மரபு இது. பங்குனியிலிருந்து ஆடிவரை ஊர் ஊராகப் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடியவிடியக் கூத்து, முடிவில் படுகளம், தீமிதி.

நம்மவர்கள் இதை அறிவார்கள். ந. முத்துசாமி கூத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். பின்னால் வந்தவர்கள் அவரைப் படித்துவிட்டு எழுதுகிறார்கள். ஓர் இரவை ஒன்றரை மணியாக நறுக்கிக் குளிர்பதன அரங்கில் பார்த்துவிட்டு 'வடிவம்' பற்றிக் கட்டுரை. அந்த வடிவத்தைச் சுமக்கிறவர் ஐப்பசியில் எங்கே? துரியோதனன் கட்டியவர் வரப்பு வெட்டுகிறார். கல்யாண முருங்கையில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் பெட்டிக்குள். மழை இரவில், ஏதோ ஒரு திண்ணையில், மேளமில்லாமல் ஒரு விருத்தத்தை அவர் தனக்குத்தானே இழுத்துப் பார்ப்பதைக் கேட்டிருக்கிறேன். அடுத்த பங்குனி அதில்தான் இருக்கிறது.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. அந்த வருஷமும் மறுவருஷமும் திருவிழாக்கள் நின்றன. சீஸன்தான் கலை என்றால் கூத்து அப்போதே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. நம் கட்டுரைகளா அதைக் காப்பாற்றின? பாட்டை மறக்காதிருந்த கூலிக்காரர்கள் காப்பாற்றினார்கள்.

பட்டியலில் ஏறிய ஊருக்கு இனி இரவுக் கேளிக்கையும் வேண்டும் என்பார்கள்: ஒலியும் ஒளியும், வருஷம் முழுக்க அரைமணிக் கூத்து. ஆலோசனைக் குழுவுக்கு நம்மிலிருந்தே ஆள் போகும். நான் எதிர்க்கிறேன். ஊர் வரி போட்டு, காப்புக் கட்டி, அம்மனுக்குக் கடன்பட்டு நடத்துகிற கூத்து அது. உல்லாசப் பயணிக்காகத் தினம் இரண்டு காட்சி அவிழ்த்து முடிகிற கூந்தலில் சபதம் எங்கே இருக்கும்?

கலைஞனுக்குச் சோறு கிடைக்குமே என்று கேட்பார்கள். நியாயம். சோறுதான் நோக்கமென்றால் மழை மாதங்களுக்குச் சம்பளம் கொடுங்கள். ஆடச் சொல்லாமல் கொடுங்கள். அதற்கு எந்த அகாடமி தயார்?